திருப்பி அனுப்பப்பட்ட 30 லட்சம் டாலர்: ரசிகர்கள் பணத்தில் ஸ்டார் ட்ரெக் எடுக்க முடியுமா?

பெரம்பூர் பொறியாளர்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் வரிசையைப் பற்றித் தாம்பரம் தமிழன் நேற்று இரவு நம் ரசிகர் தளத்தில் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். “உலகம் முழுவதும் உள்ள ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் போதும், எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் புதிய தொடர் எடுத்துவிடலாம். 2005-இல் என்டர்பிரைஸ் தொடருக்காகச் செய்த முயற்சி தோற்றது பணம் போதாமல்தான்.”

படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பணம் போதாமல் போகவில்லை, பணத்தை வாங்கவே மறுத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில், ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்துகொண்டிருந்த என்டர்பிரைஸ் தொடர் நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஐந்தாவது சீசனுக்காக ரசிகர்கள் நிதி திரட்டத் தொடங்கினார்கள். தனியார் விண்வெளித் தொழிலைச் சேர்ந்த மூன்று பேர், பெயரை வெளியிடாமல், 30 லட்சம் டாலர் தர முன்வந்தார்கள். தொடரைத் தயாரித்த பாரமவுண்ட் நிறுவனம் என்ன செய்தது? அன்புக்கு நன்றி, எடுத்த முடிவில் மாற்றமில்லை, பார்வையாளர்களிடம் பணம் பெற முடியாது என்று கையை விரித்தது. சேர்ந்த பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பியது. மே 13-ஆம் தேதி கடைசிப் பகுதி ஒளிபரப்பாகி முடிந்தது. இதில் “போதாமல்” எங்கிருந்து வந்தது?

தாம்பரம் தமிழன்

பொறியாளர் ஐயா வந்துவிட்டார், இனி நாம் யாரும் பேச முடியாது.

வகுத்தல் கணக்குப் போடுங்கள் ஐயா. நான்காவது சீசனில் 22 பகுதிகள். 30 லட்சத்தை 22-ஆல் வகுத்தால் பகுதிக்கு ஒன்றரை லட்சம் டாலர்கூட வரவில்லை. அந்தப் பணத்தில் விண்கலத்தின் கதவைத் திறந்து மூடும் காட்சியைக்கூட எடுக்க முடியாது. போதாத பணத்தை யார் வாங்குவார்கள்? 3 கோடி டாலரைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தால் அப்போது தெரிந்திருக்கும் அவர்கள் கொள்கை.

பெரம்பூர் பொறியாளர்

“வைத்திருந்தால்.” நடந்ததைப் பேசுங்கள் தம்பி. 30 லட்சம் டாலரை மறுத்தார்கள். இன்னும் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. வாங்க முடியாது என்று சொன்னார்கள்.

அடையாறு ஆதிரை

இருவரும் 2005-லேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள். அதன்பிறகு உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளி நிலையத்தில் மாட்டிக்கொண்ட ஒருவனும் ரோபோக்களும் மட்டமான படங்களைப் பார்த்துக் கேலி செய்யும் தொடர். 1999-இல் நின்றுபோனது. 2015-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையத் தளத்தில் 48,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 14 பகுதிகள் எடுக்கப்பட்டன. 2017-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் கைவிட்ட பிறகும் 2021-இல் மறுபடியும் ரசிகர்களிடமே 65 லட்சம் டாலர் திரட்டி, தங்களுக்கென்று சொந்த இணையத் தளமே அமைத்தார்கள். ரசிகர்கள் பணத்தில் தொடர் எடுக்க முடியாது என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

பெரம்பூர் பொறியாளர்

சொல்கிறேன் அம்மா, பொறுமையாகப் படியுங்கள்.

முதலாவது, அந்தத் தொடரின் உரிமை முதலில் விலைக்கு வாங்கப்பட்டது. தொடரை உருவாக்கியவரும் ஒரு வெளியீட்டு நிறுவனமும் சேர்ந்து உரிமையைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே ரசிகர்களிடம் வந்தார்கள். ஸ்டார் ட்ரெக்கின் உரிமை பாரமவுண்டிடம் இருக்கிறது. அவர்கள் விற்கவில்லை, விற்கப்போவதுமில்லை.

இரண்டாவது, செலவு. 57 லட்சம் டாலரில் 14 பகுதிகள் என்றால் பகுதிக்கு நான்கு லட்சம். ஒரு நாற்காலி வரிசை, சில பொம்மை ரோபோக்கள், ஒரு பழைய படம் இருந்தால் அந்தத் தொடர் தயார். ஸ்டார் ட்ரெக் வரிசையின் டிஸ்கவரி தொடருக்கு ஒரு பகுதிக்கே 80 லட்சம் டாலருக்கு மேல் ஆனதாகச் செய்திகள் வந்தன. பத்துப் பகுதிகளுக்கு 8 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 700 கோடி ரூபாய். தாம்பரத்தார் சொல்லும் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் 70 லட்சம் பேர் பணம் போட வேண்டும். 2013-இல் வெரோனிகா மார்ஸ் திரைப்படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் 91,000 சொச்சம் பேர். அதையே சாதனை என்று கொண்டாடினார்கள்.

மூன்றாவது, நீங்கள் சொல்லாமல் விட்டது. 2023-இல் அதே மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர்காரர்கள் மறுபடியும் கேட்டார்கள். இலக்கை எட்டவில்லை. ஒருமுறை கொடுக்கும் ரசிகன் மூன்றாவது முறையும் கொடுப்பான் என்று நம்பி ஒரு தொடரை நடத்த முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 30 லட்சம் டாலரை மறுத்தார்கள் என்பது இருக்கிறது. அதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தாம்பரம் தமிழன்

நான் சொல்லிவிட்டேன். போதவில்லை, அதனால் வாங்கவில்லை.

மயிலை வாசகர்

என் வயதுக்காரர்கள் இங்கே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். ஒரு காலத்தில் நம் ஊரில் வானொலிப் பெட்டிக்கு உரிமக் கட்டணம் உண்டு. தபால் நிலையத்தில் கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில் எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் தொலைக்காட்சிக்கு அந்த முறை இன்றும் இருக்கிறது. பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூ 1963-இலிருந்து அந்தப் பணத்தில்தான் வளர்ந்தது. எந்த விளம்பரதாரரும் கதையில் கை வைக்க முடியாது. முதல் ஸ்டார் ட்ரெக் தொடர் அப்படிப்பட்ட பொதுப் பணத்தில் இருந்திருந்தால் மூன்று சீசனில் 79 பகுதிகளோடு 1969-இல் அநாதையாக நின்றிருக்காது. கிக்ஸ்டார்ட்டர், நன்கொடை எல்லாம் தற்காலிக வழிகள். நிலையான வழி கட்டணம்தான்.

பெரம்பூர் பொறியாளர்

மயிலை ஐயா, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் அதே பிபிசி, அதே கட்டணம் வசூலித்துக்கொண்டே, 1989-இல் டாக்டர் ஹூவை நிறுத்தியதை ஏன் சொல்லவில்லை? தொடராக மறுபடியும் 2005-இல்தான் வந்தது. 2022-இல் டிஸ்னியோடு கூட்டு என்று அறிவித்தார்கள், 2025-இல் டிஸ்னி விலகிக்கொண்டது. கட்டணப் பணம் மட்டும் போதுமென்றால் டிஸ்னியிடம் ஏன் போக வேண்டும்?

மயிலை வாசகர்

பதினாறு ஆண்டு இடைவெளியைச் சொல்கிறீர்கள். அதற்கு முன் 26 ஆண்டுகள் ஓடியதை மறைக்கிறீர்கள். வசதியான கணக்கு.

தாம்பரம் தமிழன்

வெளிநாட்டை விடுங்கள். 1976-இல் ஷியாம் பெனகலின் மந்தன் படத்துக்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். பத்து லட்சம் ரூபாய். படம் வந்தது, லாரிகளில் ஏறி வந்து தங்கள் படத்தைத் தாங்களே பார்த்தார்கள். கன்னடத்தில் 2013-இல் லூசியா வந்தது, தயாரிப்பாளர்கள் கதவைச் சாத்திய பிறகு பொதுமக்களிடம் ஐம்பது லட்சம் ரூபாய் அளவில் திரட்டி எடுத்தார்கள். அதையே பின்னர் தமிழில் எனக்குள் ஒருவன் என்று எடுத்தார்கள். பால் கறக்கும் விவசாயிக்கு இருந்த துணிச்சல் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதும் பொறியாளருக்கு இல்லை.

பெரம்பூர் பொறியாளர்

மந்தன் அந்த விவசாயிகளின் கதை. அவர்கள் படத்துக்கு அவர்களே தயாரிப்பாளர்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. லூசியாவும் இயக்குநரின் சொந்தக் கதை. நீங்கள் அடுத்தவர் வீட்டுக்கு மாடி கட்டப் பணம் திரட்டுகிறீர்கள். வீட்டுக்காரன் வேண்டாம் என்கிறான். 30 லட்சம் டாலரை மறுத்தார்கள் என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

அனுமதி இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். ஆக்ஸனார் என்ற ரசிகர் படத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2015 டிசம்பரில் பாரமவுண்டும் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனமும் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் சமரசம். இடையில் 2016-இல் எல்லா ரசிகர் படங்களுக்கும் விதி வந்தது. ஒரு படம் 15 நிமிடம், கதை தொடர்ந்தால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக்கூடாது. ஒருவரின் பேராசையால் ஒழுங்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கைவிலங்கு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொளத்தூர் கணக்காளர்

தாம்பரம் தமிழன் நிதி திரட்டுவதைப் பற்றிப் பேசுவதால் ஒரு சிறிய கேள்வி. செம்மொழிப் பூங்கா சந்திப்புக்கு ஆளுக்கு 400 ரூபாய் வாங்கி டி-சர்ட் அடிப்பதாகச் சொன்னீர்கள். டி-சர்ட் வந்தது, பாதிப் பேருக்கு அளவு சரியில்லை. மீதிப் பணத்தின் கணக்கு எங்கே? 400 ரூபாய்க்குக் கணக்குக் காட்டாதவர் 700 கோடிக்குக் காட்டுவாரா?

தாம்பரம் தமிழன்

கணக்கு அன்றே குழுவில் போடப்பட்டது. மீதிப் பணம் தேநீருக்கும் பஜ்ஜிக்கும் செலவானது. நீங்கள் மூன்று தட்டு சாப்பிட்டீர்கள்.

கொளத்தூர் கணக்காளர்

பஜ்ஜி நான் என் பணத்தில் வாங்கியது. சாட்சி இருக்கிறது. ரசீதைப் படம் எடுத்துப் போடுங்கள், பேசலாம்.

வேளச்சேரி வாசி

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். என்டர்பிரைஸ் காப்பாற்றத் தகுதியான தொடரே அல்ல. அந்தத் தொடக்கப் பாடல் ஒன்றே போதும் நிறுத்துவதற்கு. மூன்று பேர் 30 லட்சம் டாலர் கொடுக்க வந்ததைப் பார்த்துப் பாரமவுண்ட் பயந்துவிட்டது போலிருக்கிறது.

பெரம்பூர் பொறியாளர்

பாடலை விட்டுவிட்டு நான்காவது சீசனைப் பாருங்கள். வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் சமூகத்தைப் பற்றிய மூன்று பகுதிகளுக்கு இணையாக இன்றுவரை எதுவும் வரவில்லை. தயாரிப்பாளர் மேன்னி கோட்டோ பொறுப்பேற்ற பிறகுதான் அந்தத் தொடர் தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. ஐந்தாவது சீசன் வந்திருந்தால் ரோமுலன் என்ற எதிரி இனத்தோடு நடக்கும் போரை நோக்கிக் கதை போயிருக்கும். அதற்குப் பதிலாகக் கடைசிப் பகுதியில் வேறொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் ரைக்கர் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்து, நாம் நான்கு ஆண்டுகள் பார்த்த மனிதர்களை ஹோலோடெக் என்ற மாயக் காட்சி அறையின் பொம்மைகளாக்கி முடித்தார்கள். அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. தகுதி இல்லை என்று சொல்லாதீர்கள்.

அடையாறு ஆதிரை

அவ்வளவு ஆத்திரம் இருந்தால் வழி சொல்லுங்கள் ஐயா. காலையிலிருந்து எல்லா வழியையும் அடைத்துக்கொண்டே வருகிறீர்கள். நன்கொடை கூடாது, கட்டணம் கூடாது. பிறகு எதுதான் கூடும்?

பெரம்பூர் பொறியாளர்

வாங்குபவனைப் பிடிப்பது. தி எக்ஸ்பான்ஸ் என்ற விண்வெளித் தொடர் 2018 மே மாதம் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் பணம் திரட்டினார்கள், ஆனால் தொடர் எடுப்பதற்கு அல்ல. அமேசான் தலைமையகத்துக்கு மேலே பதாகையோடு ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதே மாதம் அமேசான் தொடரை எடுத்துக்கொண்டது, இன்னும் மூன்று சீசன்கள் வந்தன. 2023-இல் ஸ்டார் ட்ரெக் புராடிஜியைப் பாரமவுண்ட் கைவிட்டபோதும் அதையே செய்தார்கள், நெட்ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்டது, இரண்டாவது சீசன் 2024-இல் வந்தது. ரசிகர் பணம் போக வேண்டிய இடம் அதுதான். சிறிய பணம், சரியான வாசல்.

அடையாறு ஆதிரை

சரியான வாசலா? 2021 நவம்பரில் டிஸ்கவரியின் நான்காவது சீசனுக்கு இரண்டு நாள் முன்னால் பாரமவுண்ட் வெளிநாட்டு உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நெட்ஃபிளிக்ஸிலிருந்து பழைய சீசன்களும் ஒரே இரவில் காணாமல் போயின. ஒழுங்காகச் சந்தா கட்டிக்கொண்டிருந்த நாம் இந்தியாவில் பார்க்க வழியில்லாமல் நின்றோம். அன்றைக்கு மிக உரக்கக் கத்தியவர் நீங்கள்தான். இன்று அதே வாங்குபவர்கள் காலில் விழச் சொல்கிறீர்கள். புராடிஜிக்கும் மூன்றாவது சீசன் வரவில்லையே?

பெரம்பூர் பொறியாளர்

கத்தினேன், இன்றும் கத்துவேன். பேச்சை மாற்றாதீர்கள். 30 லட்சம் டாலர் ஏன் மறுக்கப்பட்டது?

தாம்பரம் தமிழன்

போதவில்லை.

மயிலை வாசகர்

2005-இல் பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் ஒரே குழுமத்தின் கீழ் இருந்தன, அடுத்த ஆண்டு பிரிந்தன, 2019-இல் மறுபடியும் சேர்ந்தன, 2025-இல் ஸ்கைடான்ஸ் என்ற நிறுவனம் புதிய முதலாளியாக வந்தது. அன்று மறுத்த முதலாளியும் இன்று இருக்கும் முதலாளியும் ஒருவரல்ல. அன்றைய மறுப்பை வைத்துக்கொண்டு இன்றைக்கு வாதாடுவது எப்படிச் சரியாகும்?

பெரம்பூர் பொறியாளர்

முதலாளி மாறினால் பார்வையாளர் பணத்துக்குக் கதவு திறக்குமா? பணம் வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும், கதையில் பங்கு கேட்பார்கள், தோற்றால் வழக்குப் போடுவார்கள். இந்தத் தலைவலியை எந்த ஸ்டுடியோவும் ஏற்காது. பெயர்ப் பலகை மாறியதால் இது மாறாது.

தாம்பரம் தமிழன்

கணக்கு, பங்கு, வழக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத்தான் ரசிகன் பணம் தருகிறான். அன்பில் தருகிறான். அந்த அன்பு உங்களுக்குப் புரியாது. பொறியாளர் ஐயா இந்தத் தளத்துக்கு ஆண்டுச் செலவுக்கான 200 ரூபாயைக்கூட இதுவரை தந்ததில்லை என்பதை எல்லாரும் அறிய வேண்டும்.

பெரம்பூர் பொறியாளர்

தந்தேன். ஜனவரியில் தந்தேன். வாங்கி வைத்தவர் நீங்கள். டி-சர்ட் கணக்கோடு அதையும் சேர்த்துத் தேடுங்கள்.

கொளத்தூர் கணக்காளர்

நானும் ஜனவரியில்தான் தந்தேன். எனக்கும் ரசீது வரவில்லை.

தாம்பரம் தமிழன்

இருவரும் சேர்ந்து திட்டமிட்டு வந்திருக்கிறீர்கள். நாளை காலை வங்கிக் கணக்கு விவரத்தை இங்கே போடுகிறேன். அதுவரை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்: 3 கோடி டாலர் இருந்திருந்தால் வாங்கியிருப்பார்கள்.

பெரம்பூர் பொறியாளர்

30 லட்சம் டாலரை மறுத்தார்கள். வங்கி விவரத்தைப் போடும்போது ஜனவரி மாதத்தை முழுமையாகப் போடுங்கள்.