செக்-இன் பெட்டியில் போடும் பொக்கெட் கத்தி பத்திரமாக வந்து சேர என்ன வழி?

செக்-இன் பெட்டியில் வைத்த பொக்கெட் கத்தி மறுபடியும் காணாமல் போய்விட்டது. விக்டோரினொக்ஸ் ஹன்ட்ஸ்மேன், 91 மில்லிமீற்றர், சிவப்புப் பிடி. வேலை கட்டாரில், ஊர் கல்லடி. தோஹாவிலிருந்து கட்டுநாயக்க வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மட்டக்களப்பு. கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை என்பது தெரிந்ததுதானே.

போன மாதம் பெல்ட்டில் வந்த பெட்டியில் லொக் பூட்டியபடியே இருந்தது. வீட்டில் திறந்தால் சொக்லட், சவர்க்காரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன, கத்தியின் உறை மட்டும் வெறுமை. சிப்பின் பல்வரிசை ஓரிடத்தில் லேசாக விரிந்திருந்தது. பேனா முனையால் குத்தினாலே சிப் பிளந்துவிடும். பூட்டிய இழுவையை அப்படியே ஒருதரம் ஓட்டினால் திரும்ப மூடிக்கொள்ளும். அப்புறம் ரீஎஸ்ஏ லொக் (சோதனை அதிகாரிகள் தங்கள் பொதுச் சாவியால் திறக்கக்கூடிய பெட்டிப் பூட்டு) எதற்கு?

பெட்டி முழுக்க பிளாஸ்டிக் சுற்றிப் பார்த்தேன், வெட்டியிருந்தார்கள். காலுறைக்குள் சுருட்டி சப்பாத்துக்குள் திணித்தும் பார்த்தாயிற்று. எக்ஸ்ரேயில் உலோகம் பளிச்சென்று தெரியும்போது ஒளித்து என்ன பயன்! விமான நிறுவனத்துக்கு முறைப்பாடும் அனுப்பினேன், பெறுமதியான பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது.

தைப்பொங்கலுக்கு வரும்போது மச்சானுக்கும் ஒன்று கொண்டுவர வேண்டும். சிப் இல்லாமல் கிளிப் போட்டுப் பூட்டும் அலுமினியச் சட்டப் பெட்டியில் இங்கு யாராவது கத்தி கொண்டுவந்து, அது முழுசாகக் கையில் கிடைத்திருக்கிறதா?