லெக் டே அன்றைக்கே சரக்கு: ரெண்டு ஸ்கூப் வே புரதப்பொடி ஈடுகட்டுமா?

மலைக்கோட்டை_மணி:
சனிக்கிழமை சாயங்காலம் ஸ்குவாட், இரவு நண்பர்களோடு ஒரு குவார்ட்டர். இதுதான் என் வழக்கம். “ரெண்டு ஸ்கூப் வே சேர்த்துப் போடு, சரியாயிடும்” என்கிறார் ஜிம் மாஸ்டர். உண்மையா? தசைக்குள் என்னதான் நடக்கிறது?

லேப்_அக்கா:
மாஸ்டர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, தம்பி. கொஞ்சம்தான்.

மெல்போர்னில் இதையே சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். உடற்பயிற்சிப் பழக்கமுள்ள 8 ஆண்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் ஆல்கஹால், வோட்காவாக. தொடையிலிருந்து தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். வே மட்டும் குடித்தபோது இருந்ததைவிட, வேயும் மதுவும் சேர்ந்தபோது தசைப் புரத உற்பத்தி 24% குறைவு. வேக்குப் பதில் மாவுச்சத்தோடு மது என்றால் 37% குறைவு. வே கொஞ்சம் காப்பாற்றுகிறது, முழுதாக இல்லை.

காரணம், குறைவது சரக்கு இல்லை (நீ குடிப்பதைச் சொல்லவில்லை!), அதாவது அமினோ அமிலம் இல்லை. வேலை தொடங்குவதே தடைப்படுகிறது. பயிற்சியும், வேயில் இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலமும் எம்டார் என்ற புரதத்தை முடுக்கிவிடும். அது 4இ-பிபி1 என்ற இன்னொரு புரதத்தின் பிடியைத் தளர்த்தும். அந்தப் பிடியிலிருந்து இஐஎஃப்4இ என்ற தொடக்கப் புரதம் விடுபட்டால்தான் தூது ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பு) மேல் ரைபோசோம் (புரதம் கட்டும் இயந்திரம்) ஏறி உட்கார முடியும். ஆல்கஹால் எம்டாரை மட்டுப்படுத்துவதால் பிடி முழுதாகத் தளர்வதில்லை. எலிகளில் இதை விரிவாகவே பார்த்திருக்கிறார்கள். அப்புறம் எத்தனை ஸ்கூப் போட்டாலும் கொட்டிக்கிடக்கும், அவ்வளவுதான்.

மலைக்கோட்டை_மணி:
1.5 கிராம் என்றால் எவ்வளவு அக்கா? நான் 70 கிலோ.

லேப்_அக்கா:
105 கிராம். 42.8% சரக்கில் ஒரு குவார்ட்டருக்கு ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால். ஆக ஒன்றே முக்கால் குவார்ட்டர். நீ அதில் பாதிக்கு மேல் போகிறாய். அதற்காக உனக்கு 14% குறையும் என்று கணக்குப் போடாதே, இது அப்படி நேர்கோட்டில் போகும் என்று யாரும் காட்டவில்லை. அந்தச் சோதனையிலேயே மது குடித்தவர்களுக்கும் உற்பத்தி ஓய்வுநிலையைவிட அதிகமாகத்தான் இருந்தது. தசை கரைந்துவிடும் என்று பயமுறுத்தும் வீடியோக்களை நம்பாதே.

கொல்லிமலை_ரன்னர்:
பெண்களுக்கும் இதே கதைதானா?

லேப்_அக்கா:
பயிற்சிக்குப் பிறகு மது கொடுத்த இன்னொரு ஆய்வில் எம்டார் சமிக்ஞை ஆண்களிடம் மங்கியது, பெண்களிடம் அப்படி மங்கவில்லை. சின்ன ஆய்வுதான். இதை வைத்து பார்ட்டி போட்டுவிடாதீர்கள். ஈரலுக்கு இந்தச் சலுகை எல்லாம் கிடையாது.

மணி, குடிப்பது குடிப்பதுதான் என்றால் லெக் டேயை வியாழனுக்கு மாற்று.

மலைக்கோட்டை_மணி:
வியாழக்கிழமை எனக்கு நைட் ஷிப்ட் அக்கா. புதன் பார்க்கிறேன்.