தத்துவம் படித்தவர்களுக்கு அடுத்து என்ன? – புதுப்பிப்பு

நாகர்கோவில் பக்கம் இருந்துகொண்டே தத்துவ ஆய்வுக்குப் போக வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன், விசாரித்ததைச் சொல்கிறேன். முதலில் நெட், அதாவது கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. வழக்கமாக ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை, தத்துவம் தனிப் பாடமாகவே இருக்கிறது, மொத்தம் 150 கேள்வி, 300 மதிப்பெண், தப்பான விடைக்குக் கழிப்பதில்லை, அதனால் ஒன்றையும் விடாமல் பதில் போடுங்கள். ஆனால் தத்துவத் தாள் தமிழில் கிடையாது, அது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம், ஆய்வுக்காகச் சென்னை வரை போக முடியாதவர்கள் திருவனந்தபுரத்தில் உள்ள காரியவட்டத்தைப் பாருங்கள். கேரளப் பல்கலைக்கழகத் தத்துவத் துறை அங்கேதான், குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம்தானே. நவம்பர் மூன்றாம் வியாழன் உலகத் தத்துவ நாள், அதையொட்டிக் கல்லூரிகளில் கருத்தரங்குகள் நடக்கும்.

எம்.ஏ. முடித்த பிறகுதான் நெட் எழுத முடியுமா என்று கேட்ட தக்கலைத் தங்கச்சிக்கு: எம்.ஏ. முடியட்டும் என்று இருக்காதேம்மா, கடைசி வருடத்திலேயே நெட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.