லேட் ஷிஃப்ட்: ஓடினாலும் கொள்ளைக்குத்தான் போகணுமா?

கேள்வி: நிலாமுகி

லேட் ஷிஃப்ட் என்ற வீடியோ கேமை மூன்று முறை முடித்துவிட்டேன். கதை தெரியாதவர்களுக்கு: மேட் என்ற மாணவன் லண்டனில் இரவில் கார் நிறுத்துமிடத்தைக் காவல் காக்கிறான். துப்பாக்கி முனையில் ஒருவன் அவனை இழுத்துப்போக, ஏல நிறுவனக் கொள்ளையில் மாட்டிக்கொள்கிறான். முழுக்க நடிகர்களை வைத்து எடுத்த படம். காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். சாய்ஸ் வந்ததும் சில நொடிக்குள் ஒன்றைத் தொட வேண்டும். 180 இடங்களில் சாய்ஸ், 7 கிளைமாக்ஸ் என்று விளம்பரம்.

முதல் தடவை சொன்னபடி கேட்டேன். இரண்டாவது தடவை தப்பி ஓடப் பார்த்தேன், அப்போதும் கொள்ளையில்தான் போய் நின்றேன். மூன்றாவதும் அப்படியே. மனசு விட்டுப்போச்சு. இந்த வகை விளையாட்டு என்றால் எனக்கு உயிர், அதனால்தான் கேட்கிறேன்: நான் தொடுவதற்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா?

பதில்: கரும்பூனை

ஹெவி ரெய்ன் (2010) ஆடிப்பாருங்க. நாலு பேரை மாத்தி மாத்தி ஆடணும், ஒருத்தர் செத்தாலும் கதை நிக்காது. மத்தவங்களோட தொடரும். ஆனா கொலையாளி யாருங்கறது எந்த வழியில போனாலும் மாறாது. எனக்கு அது குறையாவே தெரியலை.

பதில்: கிளைவழி

நிலாமுகி, நான் ட்வைனில் (கிளைக்கதை எழுத உதவும் மென்பொருள்) ஒரு துப்பறியும் கதை எழுத முயன்றவன். உங்களுக்கு வந்த அதே ஏமாற்றத்தோடுதான் தொடங்கினேன். எந்தக் கிளையும் இன்னொன்றோடு சேரக்கூடாது என்று சபதம். ஒவ்வொரு சாய்ஸிலும் வழி இரண்டாகப் பிரிய, ஆறாவது சாய்ஸில் 64 காட்சிகள் எழுத வேண்டிவந்தது, அங்கேயே விட்டுவிட்டேன்.

படமாக எடுப்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. பத்தே பத்து சாய்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு வழி, ஒவ்வொரு துண்டும் மூன்று நிமிடம் என்று வையுங்கள். 2046 துண்டுகள், 102 மணி நேரத்துக்கு மேல் படம். நீங்கள் ஒரு ஆட்டத்தில் பார்ப்பது அதில் அரை மணி நேரம்! அதனால் பிரிந்த வழிகள் ஓரிடத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். சேரும் இடத்தில் இன்னொரு தலைவலி: ஒரு வழியில் நாயகன் அடிபட்டிருப்பான், இன்னொன்றில் இல்லை. பொதுக்காட்சி இரண்டுக்கும் பொருந்த வேண்டும். காயம், சட்டை, முகபாவம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் எடுக்க முடியும்.

இது இன்று வந்த தந்திரமும் இல்லை. 1967 மான்ட்ரியல் எக்ஸ்போவில் செக்கோஸ்லோவாக்கியக் கூடத்தில் கினோஆட்டோமாட் என்ற படம் ஓடியது. ரடூஸ் சின்சேரா உருவாக்கியது. இருக்கைதோறும் சிவப்பு, பச்சைப் பொத்தான்கள். பெரும்பான்மை வாக்குப்படி கதை போகும். எப்படி வாக்களித்தாலும் கடைசியில் கட்டடம் தீப்பிடித்து எரியும்.

ஆனால் வழிகள் சேர்வதை வைத்து எல்லாம் பொய் என்று முடிவுகட்டாதீர்கள். சேர்ந்த பிறகு விளையாட்டு எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். என் கதையில் ஒவ்வொரு சாய்ஸுக்கும் ஒரு ஃப்ளாக், அதாவது ஆமா இல்லையா என்ற குறிப்பு, வைத்தேன்: பொய் சொன்னானா, காப்பாற்றினானா. காட்சி ஒன்றுதான், ஆனால் பத்து நிமிடம் தள்ளி எதிரில் இருப்பவன் உங்களை நம்புவதா வேண்டாமா என்பதை அந்த ஃப்ளாக் தீர்மானிக்கும். கொள்ளைக்குப் போவது தலைவிதி என்றே வையுங்கள். உள்ளே போய் எப்படிப்பட்ட ஆளாக நடந்துகொள்கிறீர்கள் என்பது உங்கள் கையில்.

ஒன்று கேட்கிறேன்: மூன்று தடவையும் டைமர் முடியும் முன் தொட்டீர்களா? தொடாமல் விட்டாலும் கதை தானாக ஒன்றை எடுத்துக்கொண்டு போகும். எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

பதில்: நிலாமுகி

ஆமாம், ஒரு தடவைகூட விட்டதில்லை. நேற்று ராத்திரி அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் வாயே திறக்கவில்லை. அவள் எதற்கும் அவசரப்பட மாட்டாள், பாதி இடங்களில் டைமர் ஓடியே போய்விட்டது. "நான் ஒண்ணுமே செய்யலையே, ஏன் எல்லாரும் இவனைச் சந்தேகப்படறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் நான் மூன்று தடவையில் பார்க்காத ஒரு முடிவில் போய் நின்றாள்.

எந்த இடத்தில் அது திரும்பியது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இன்றைக்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து முதலிலிருந்து ஆடப்போகிறோம்.