கலைப்பாடலில் பியானோ: ‘பக்கவாத்தியம்’ பொருந்துமா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

நம் இசைக் கலைச்சொல் பட்டியலுக்கு வந்துள்ள முன்மொழிவுகளைப் பற்றி எழுதுகிறேன். கவிதைக்கு இசையமைத்துக் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதப்படும் மேற்கத்தியப் பாடலைக் குறிக்கும் ‘கலைப்பாடல்’ என்ற சொல்லில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. உயர்ந்த ஆண்குரலையும் அக்குரலில் பாடுபவரையும் குறிக்கும் ‘டெனர்’ என்பதை ஒலிபெயர்த்தே வைத்துக்கொள்வதிலும் மறுப்பில்லை. ஆனால் அப்பாடல்களுக்குப் பியானோ வாசிப்பவரைப் ‘பக்கவாத்தியக் கலைஞர்’ என்று பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அது தாழ்ந்த சொல் என்பதற்காக அன்று. நம் கச்சேரியில் மிருதங்கக் கலைஞர் பாடகரின் போக்கைக் கேட்டு அந்த நொடியிலேயே தம் வாசிப்பை அமைத்துக்கொள்கிறார். தனி ஆவர்த்தனத்தில் அரங்கமே அவருடையதாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான ஷூபர்ட், ஷூமன் ஆகியோரின் பாடல்களிலோ பியானோ வாசிக்க வேண்டியதை இசையமைப்பாளரே சுரம் சுரமாக எழுதி வைத்திருக்கிறார். கவிதையின் பொருளில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு ஷூமன் 1840இல் இசையமைத்த ‘கவிஞனின் காதல்’ என்ற 16 பாடல்களை எடுத்துக்கொள்வோம். முதற்பாடலில், மே மாதத்தில் மொட்டுகள் விரிந்ததையும் கவிஞன் தன் ஏக்கத்தைக் காதலியிடம் சொன்னதையும் பாடி டெனர் நிறுத்திவிடுகிறார். பியானோ தொடங்கிய இடத்துக்கே திரும்பி, நிலைகொள்ளும் சுரத்தைத் தொடாமலே நின்றுவிடுகிறது. அக்காதல் கைகூடாது என்பதைச் சொற்களுக்கு முன்பே அந்த முடியாத முடிவு உணர்த்திவிடுகிறது. கடைசிப் பாடலில், பழைய கனவுகளையும் காதலையும் பெரிய சவப்பெட்டியில் இட்டுக் கடலில் ஆழ்த்தியபின் குரல் ஓய்கிறது. அதன்பின் பன்னிரண்டாம் பாடலின் இறுதியில் கேட்ட இசையை மீட்டெடுத்துக்கொண்டு பியானோ தனியே நெடுநேரம் ஒலிக்கிறது. பாடகரும் நின்று கேட்கும் அந்த இடத்தில் பியானோ யாருக்குப் பக்கவாத்தியம்?

ஷூபர்ட் 1827இல் இசையமைத்த ‘குளிர்காலப் பயணம்’ 24 பாடல்கள் கொண்டது. அதன் இறுதிப் பாடலில் இடக்கை தம்புராவைப் போல ஒரே ஒலியைப் பிடித்திருக்க, தெருவில் நிற்கும் கிழவனின் கைச்சுழற்று இசைப்பெட்டியாகவே பியானோ மாறிவிடுகிறது. அவனுக்குப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. பியானோதான் அவன் குரல்.

‘பின்னணி இசை’ திரைப்படத்துக்கு உரியதாகிவிட்டது. ‘துணைக்கருவி’ பணிமனைச் சொல்லாக ஒலிக்கிறது. ‘இணையிசை’ என்ற முன்மொழிவு பொருளால் மிகவும் நெருங்கி வந்தாலும், இணையத்தில் கேட்கும் இசை என்றே இன்று பலரும் படிப்பார்கள். ஆகவே ‘உடனிசை’ என்பதையும், வாசிப்பவருக்கு ‘உடனிசைஞர்’ என்பதையும் முன்மொழிகிறேன். ‘உடன்’ என்பதற்கு ‘உடனடியாக’ என்ற பொருளும் உண்டே என்று கேட்கப்படலாம். உடன்பிறப்பு, உடன்படிக்கை போன்ற கூட்டுச்சொற்களில் சேர்ந்திருத்தல் என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது.

‘கச்சேரி’ எல்லா இசைக்கும் பொதுவாகிவிட்டதால் அதற்கு மாற்றுத் தேட வேண்டியதில்லை. பீட்டர் பியர்ஸ் பாட, இசையமைப்பாளரான பெஞ்சமின் பிரிட்டனே பியானோவில் அமர்ந்த நிகழ்ச்சிகளை, ‘கலைப்பாடல் கச்சேரி, டெனர்: பியர்ஸ், பியானோ உடனிசை: பிரிட்டன்’ என்று எழுதலாம். இரு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்பதையும் பட்டியலின் குறிப்பில் சேர்க்கக் கோருகிறேன்.