ஓ.எம்.ஆரில் வாடகை இனியும் ஏறுமா?

கேள்வி:
சென்னையில் ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட்டில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மெட்ரோ வரப்போவதைக் காரணம் காட்டி, 22,000 ரூபாய் வாடகையை 27,000 ஆக உயர்த்த வேண்டும் என்றும், அட்வான்ஸைப் பத்து மாத வாடகையாக ஆக்க வேண்டும் என்றும் உரிமையாளர் கேட்கிறார். இதை ஏற்பதா, பெரும்பாக்கம் பக்கம் போய்விடுவதா?

மறுமொழி 1:
துரைப்பாக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 2020இல் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும் பலரும் சொந்த ஊருக்குத் திரும்பிவிட, என் வீடு ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. வாடகையைக் குறைத்த பிறகுதான் ஆள் வந்தார்கள். அலுவலகங்கள் திரும்ப அழைத்தபோது, அதே வீட்டைக் கேட்டு ஒரே வாரத்தில் நான்கு குடும்பங்கள் வந்தன. இந்தச் சாலையில் வாடகையை ஏற்றுவதும் இறக்குவதும் வேலைவாய்ப்புதான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை செல்லும் மெட்ரோ ஓடத் தொடங்கினால், நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் உள்ள வீடுகளுக்குக் கட்டாயம் கூடுதல் மதிப்பு வரும். ஆனால் ஓடாத ரயிலுக்கு இன்றே பணம் கேட்பது நியாயமில்லை. 24,000 வரை பேசிப் பாருங்கள்; நல்ல குடித்தனக்காரரை இழக்க எந்த உரிமையாளரும் எளிதில் துணியமாட்டார்.

மறுமொழி 2:
அட்வான்ஸ் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையையே வரம்பாக வைத்திருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அதற்கும் இடமிருப்பதால், பத்து மாதம் என்று கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு முறையிடுவது கடினம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள்.

மறுமொழி 3:
பெரும்பாக்கத்தில் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் போய்விடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கே பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. நீங்கள் பார்க்கும் வீட்டின் தெருவில் அன்று எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எதிர்க்கடையில் விசாரியுங்கள். கோடையில் டேங்கர் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது, அது மெயின்டனன்ஸில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். எங்கள் குடியிருப்பில் அது தனிக்கணக்கு என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 24,000 ரூபாய், மூன்று மாத அட்வான்ஸ், பதிவு செய்த ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் வரும் ஞாயிறு அன்று அவரிடம் நேரில் பேசவிருக்கிறேன்.