12 பேர் நடுவே பேசினால் பதற்றம் குறையுமா?

தேக்கா நடையன்:
தீராத மனப்பதற்றத்திற்குக் குழுவாக உட்கார்ந்து பேசுவதே சிறந்த மருந்து என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே உறக்கமின்றித் தவிப்பவரை, அதே தவிப்பில் இருக்கும் 12 அந்நியர்களுக்கு நடுவே உட்கார வைத்தால், அவர் மற்றவர் கவலைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் வீடு திரும்புவார். அதுவும் இந்தச் சிங்கப்பூரில், தேக்காவில் ஒருவர் தும்மினால் ஈசூனில் நலம் விசாரிக்கும் நம்மவர் நடுவிலா?

ஈசூன் ஆசிரியர்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். முதலில், 12 பேர் என்பதே பிழை. சமூகப் பதற்றத்திற்கு, அதாவது பிறர் முன் பேசவும் பழகவும் அஞ்சும் நோய்க்கு, அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஹைம்பெர்க் வகுத்த முறையில் ஏறத்தாழ 6 பேர்தான் இருப்பார்கள், சிகிச்சையாளர்கள் இருவர், வாரத்துக்கு இரண்டரை மணி நேரமாக 12 வாரங்கள். அங்கே யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. மேலாளரிடம் விடுப்புக் கேட்க அஞ்சுபவர் அதையே அறைக்குள் நடித்துப் பார்க்கிறார். பதற்றம் 100க்கு எத்தனை என்று நடுநடுவே எண்ணாகச் சொல்கிறார். “என் குரல் நடுங்கும், எல்லாரும் சிரிப்பார்கள்” என்று முன்னதாகக் கூறியதை, நடித்து முடித்தபின் உண்மையில் யார் சிரித்தார்கள் என்பதோடு ஒப்பிடுகிறார். தனியறையில் இதற்குப் பார்வையாளருக்கு எங்கே போவது?

தேக்கா நடையன்:
பிழை என்னுடையதன்று. பொதுவான மனப்பதற்றத்திற்கு ஒரு சிகிச்சையாளருக்கு ஏறத்தாழ 12 பேர், 2 மணி நேர அமர்வுகளாக 6 வாரங்கள் என்று சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு எழுதியே வைத்திருக்கிறது. ஆசிரியர் 6ஐயும் 12ஐயும் இடம் மாற்றிப் படித்துவிட்டார் போலும். அதே அமைப்பு 2013இல், சமூகப் பதற்றத்திற்குத் தனிச் சிகிச்சையை விட்டுவிட்டுக் குழுச் சிகிச்சையை வழக்கமாக அளிக்க வேண்டாம் என்றும் சொன்னது. அதை ஏன் விழுங்கிவிட்டார்?

பொங்கோல்வாசி:
நீங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு குழுக்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நடையன் சொல்வது வகுப்புப் போலக் கற்பிப்பது, ஆசிரியர் சொல்வது பயிற்சியோடு கூடிய சிகிச்சை. எண்ணிக்கையை விடுங்கள். கேட்ட ரகசியத்தை வெளியே சொல்லாதபடி சிகிச்சையாளரைத் தொழில்நெறி கட்டிப்போடும்; பக்கத்து நாற்காலிக்காரரை அவர் கொடுத்த வாக்கைத் தவிர வேறெது கட்டிப்போடும்? இங்கே தமிழில் ஒரு குழு அமைந்தால், அந்த நாற்காலியில் சம்பந்தி வீட்டாரே வந்து உட்காரக்கூடும்.

ஈசூன் ஆசிரியர்:
எண்ணிக்கையை எப்படி விடுவது? 6 பேருக்குள் ரகசியம் நிற்கும், 12 பேருக்குள் கசியும் என்பதுதானே நடையனுடைய வாதத்தின் அடிப்படையே? 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளைக் கூட்டி வகுப்பு நடத்திய நாளிலிருந்தே குழுவின் வலிமை அறியப்பட்டது. ‘எனக்கு மட்டுமே இப்படி’ என்ற எண்ணம் உடைவது குழுவின் முக்கியப் பயன்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோமும் எழுதியிருக்கிறார். நைஸ் சொன்னதை நான் விழுங்கவில்லை; குழு பயனற்றது என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நடையனுக்குப் புதிதன்று. சென்ற ஆண்டு தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தார்.

தேக்கா நடையன்:
அந்த விவாதத்தில் வென்றவர் யார் என்பதை வாசகர்கள் மறக்கவில்லை. அத்துடன், 6 பேருக்குள் ரகசியம் நிற்கும் என்று நான் எந்த இடத்திலும் எழுதவில்லை. ஏறத்தாழ 12 பேர் என்பது அச்சில் உள்ளது.

கிளமெண்டி அக்கா:
என் தம்பி பல ஆண்டுகளாக இந்தப் பதற்றத்தோடுதான் வேலைக்குப் போய்வருகிறான். மனநல மருத்துவமனை 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறிவிட்டது; ஆனாலும் வீட்டில் பெரியவர்கள் இன்னும் அதன் பழைய பெயரான ‘உட்பிரிட்ஜ்’ என்றுதான் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். அதன் வாசலில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதே அவனுக்குப் பாதி நோய். தமிழில் பேசும் குழு எங்காவது நடக்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன். நீங்கள் இருவரும் உட்கார்ந்திருக்கும் குழுவில் மட்டும் அவனைச் சேர்க்க மாட்டேன்.

ஈசூன் ஆசிரியர்:
அக்காவின் வருத்தம் புரிகிறது. ஆனால் ‘நீங்கள் இருவரும்’ என்று என்னை நடையனோடு ஒரே தட்டில் வைத்தது எந்த அடிப்படையில் என்பதை அவர் விளக்கியாக வேண்டும். விளக்கம் வந்தபின் மற்றவற்றைப் பேசலாம்.